சென்டரா, வீடா, அரசு மையமா? புலன் சிக்கல் உள்ள பிள்ளைக்கு நாங்கள் பார்த்த வழிகள்

ஒரு செஷனுக்கு 600 ரூபாய். வாரம் ஐந்து நாள், மாதத்துக்கு 22 செஷன் என்று வைத்தால் 13,200. என் மகனுக்கு நான்கு வயதானபோது ஒரு தனியார் சென்டரில், அன்றாடக் காரியங்களுக்குப் பிள்ளையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு (ஓ.டி.) எழுதிக் கொடுத்த கணக்கு இது. ஸ்பீச் தெரபி தனி, ஆட்டோ தனி. அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நானும் அவரும் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். காலரில் லேபிள் உறுத்தினால் சட்டையைக் கழற்றி எறிவான். அதே பிள்ளை சோபாவிலிருந்து நாள் முழுக்கக் குதிப்பான், சுவரில் போய் மோதிவிட்டுச் சிரிப்பான். முடி வெட்ட இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான் என்று பள்ளியிலிருந்து அடிக்கடி போன் வரும். "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு" என்றார் மாமியார். "சென்சரி பிரச்சினையும் இருக்கு, பிஹேவியர் பிரச்சினையும் இருக்கு" என்றார் டாக்டர். சத்தம், தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மேலோ கீழோ உணர்வதுதான் சென்சரி, அதாவது புலன் பிரச்சினை. எது எதனால் வருகிறது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு எட்டு வயது. இந்த நான்கு வருடத்தில் தனியார் சென்டர், பிஹேவியர் தெரபி, அரசு மையம், வீட்டிலேயே செய்வது என்று நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிட்டோம். அன்று நாங்கள் நின்ற இடத்தில் இன்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்காத எந்தத் தெரபிக்கும் இனி நான் மாதக்கணக்கில் பணம் கட்ட மாட்டேன்.

முதலில் காது, பல், வயிறு

எந்தத் தெரபி என்று யோசிக்கும் முன், குழந்தை மருத்துவரிடம் சாதாரண உடம்புச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். நாங்கள் இதை ஏழு மாதம் தாமதமாகச் செய்தோம். காதில் சீழோ அழுக்கோ இருக்கிறதா, கேட்கும் திறன் சரியா, சொத்தைப் பல் வலிக்கிறதா, குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். சாக்பீஸ், மண், கரி தின்கிற பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி வந்தால் அது அடியாகவும் கடியாகவும்தான் வெளியே வரும். என் மகனுக்கு இருந்தது நாள்பட்ட மலச்சிக்கல். அது சரியானதும் கடிப்பது பாதியாகக் குறைந்தது. அதற்கு ஆன செலவு சில பாட்டில் சிரப்.

ஒரே கடி, இரண்டு காரணம்

மீதிப் பாதி பள்ளியில் இருந்தது. அதைப் பிரித்துக் காட்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. கடித்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, கடித்தவுடன் மற்றவர்கள் செய்தது என்று மூன்றே கட்டங்கள். அவன் வகுப்பு மிஸ் பொறுமையாக மூன்று வாரம் எழுதிக் கொடுத்தார். எட்டு முறை கடித்திருந்தான். அதில் ஐந்து, பிரேயர் முடிந்து வரிசையில் வகுப்புக்குப் போகும்போது. பின்னால் வருகிறவன் முதுகில் இடிப்பான், இவன் திரும்பிக் கடிப்பான். மற்ற மூன்றும் எழுதச் சொன்ன நேரத்தில். கடித்தவுடன் ஹெச்.எம். அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே ஃபேன், அமைதி, மேசை மேல் ஒரு குளோப். எழுத வேண்டியதில்லை.

முதலாவது புலன் விஷயம். எதிர்பாராமல் மேலே படும் தொடுதலை அவனால் தாங்க முடியவில்லை. வரிசையில் கடைசியாக நிற்க வைத்ததும் அந்த ஐந்தும் நின்றுபோனது; தெரபியே தேவைப்படவில்லை. இரண்டாவது அவன் கற்றுக்கொண்ட வழி. கடித்தால் எழுத்திலிருந்து தப்பலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதைப் புலன் பிரச்சினை என்று நினைத்து, கடித்தவுடன் ஊஞ்சலில் உட்கார வைத்து ஆற்றினால் என்ன ஆகும்? கடிக்குப் பரிசாக ஊஞ்சல் கிடைக்கும். இந்தத் தப்பை ஒரு சென்டரிலேயே பார்த்தேன்.

அதனால் பணம் கட்டும் முன் இரண்டு மூன்று வாரம் நோட்டு எழுதுங்கள். கீழே சொல்லும் நான்கில் எது உங்களுக்கு வேண்டும் என்பதில் பாதி அதிலேயே தெரியும்.

தனியார் சென்டரில் ஓ.டி.

பெரிய ஊஞ்சல், பந்துக் குளம், ஏறும் சுவர், தொங்கும் லைக்ரா துணி என்று பார்த்தாலே பிள்ளை ஓடிப் போய் ஏறுகிற அறை. இதன் பின்னால் இருக்கும் கருத்து ஏ. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்டுடையது. தொடுதல், உள்காது தரும் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் சொல்லும் செய்தி இவற்றையெல்லாம் மூளை ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கற்றலும் நடத்தையும் தடுமாறும் என்று 1972ல் வந்த தம் நூலில் அவர் விளக்கினார். விளையாட்டின் வழியாக அந்தச் சேர்க்கையைச் சீராக்கலாம் என்பது சிகிச்சையின் அடிப்படை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆதாரம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 32 பிள்ளைகளிடம் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று வீதம் பத்து வாரம் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், பெற்றோர் வைத்த இலக்குகளில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். ஆனால் 2022ல் வெளியான பிரிட்டன் ஆய்வு இதைவிடப் பெரியது, 138 பிள்ளைகள். எரிச்சலும் ஆத்திரமும் ஆறு மாதத்தில் குறைந்ததா என்று அளந்தபோது, வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012லேயே, சென்சரி பிராசசிங் டிஸார்டர் (புலன் செய்திகளைக் கையாள்வதில் கோளாறு) என்பதைத் தனி நோயாக எழுதிக் கொடுக்க வேண்டாம், இந்தச் சிகிச்சையை மற்றவற்றோடு ஒன்றாகத் தரலாம், ஆனால் ஆய்வு ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அறிவுறுத்தியது. எங்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒலி, தொடுதல், வெளிச்சம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது 2013 முதல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) உண்டா என்று முறையாகப் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் ஓ.டி. வீணா? இல்லை. சட்டைப் பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, கரண்டியால் சாப்பிடுவது, முடி வெட்டப் பழகுவது என்று ஒரு காரியத்தைக் குறித்து வைத்துச் செய்த இடத்தில் எங்களுக்குப் பலன் கிடைத்தது. 'சென்சரி சரியாகும்' என்று பொதுவாகச் சொன்ன இடத்தில் கிடைக்கவில்லை. முதல் சென்டரில் கதவை மூடிவிட்டு எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எட்டு மாதம். "நல்லா பண்ணான்" என்பதைத் தவிர வேறு எதுவும் எங்கள் காதில் விழவில்லை. இரண்டாவது இடத்தில் வாரம் ஒரே செஷன்தான். அதில் கடைசி பதினைந்து நிமிடம் தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நான் செய்ய வேண்டும், அவர் திருத்துவார். செலவு ஐந்தில் ஒரு பங்கு ஆனது.

தகுதியையும் கேளுங்கள். ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். ஓ.டி. அந்தக் கழகத்தின் கீழ் வராது. அதனால் 'ஆர்.சி.ஐ. நம்பர் இருக்கா' என்று ஓ.டி.யிடம் கேட்டுப் பயனில்லை; ஆக்குபேஷனல் தெரபியில் பி.ஓ.டி. என்ற இளநிலைப் பட்டம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்று மாத டிப்ளமா முடித்தவர்கள் ஊஞ்சல் ஆட்டுகிற இடங்களும் உண்டு.

பிஹேவியர் தெரபி

ஏ.பி.ஏ. (அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்) என்று சொல்வார்கள். ஒரு நடத்தைக்கு முன்னும் பின்னும் நடப்பதை மாற்றி, வேறு நடத்தையைப் பழக்கும் முறை. 1987ல் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 19 சிறு பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி தந்து, அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் சேரும் நிலைக்கு வந்தார்கள் என்று எழுதியதில்தான் இதற்குப் பெரிய பெயர் வந்தது. அந்தப் பயிற்சியில் தொடையில் அடிப்பதும் இருந்தது, யாருக்குப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்ற விமர்சனங்களும் கூடவே வந்தன. இன்று அடி இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பிள்ளையை மேசையில் உட்கார வைத்து, கண்ணைப் பார், கையை மடியில் வை, கை உதறாதே என்று பழக்குவதை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கை உதறுவது யாருக்குத் தொந்தரவு? எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, விட்டுவிட்டோம்.

வாரம் 40 மணி நேரத்துக்கான பணத்தை எங்களைப் போன்ற குடும்பங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தேவையும் படவில்லை. நோட்டில் கண்ட அந்த மூன்று கடிக்கு மட்டும் ஒரு சைக்காலஜிஸ்டிடம் ஆறு முறை போனோம். அவர் செய்தது எளிமையானது. முதலில் எழுத்தைக் குறைத்தார். ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி. அப்புறம் 'போதும் மிஸ்' என்று எழுதிய ஒரு சிவப்பு அட்டை. அதைக் காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கடித்தால் வெளியே போக முடியாது, அட்டையைக் காட்டினால் போகலாம். முதல் வாரம் அட்டையை நாளுக்கு இருபது முறை காட்டினான், மிஸ் நொந்துபோனார். ஆறாவது வாரம் மூன்று நான்கு முறை.

ஆகவே, நடத்தைக்குப் பின்னால் 'இது கிடைக்கிறது' அல்லது 'இதிலிருந்து தப்ப முடிகிறது' என்ற காரணம் நோட்டில் தெரிந்தால், ஓ.டி.யைவிட இந்த வழிதான் நேராகப் பிரச்சினையைத் தொடும். மிட்டாய், செல்போன் இரண்டை மட்டுமே நம்பிச் செய்கிற இடம், பிள்ளை அழுதாலும் 'பழகிடும்' என்று கதவைச் சாத்துகிற இடம் இரண்டையும் தவிர்க்கலாம். இரைச்சல் தாங்காமல் அழும் பிள்ளையை அழவிட்டுப் பழக்குவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

அரசு மையம்

இதைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, நாங்களும் கடைசியில்தான் போனோம். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையம் அமைக்கும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும். குழந்தை மருத்துவர், தெரபிஸ்ட், காது பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ், இலவசம். குறை என்னவென்றால் கூட்டம். வாரம் ஒரு முறைகூடக் கிடைப்பது கஷ்டம், தெரபிஸ்ட் மாறிக்கொண்டே இருப்பார். புலன் சிக்கல் உள்ள பிள்ளையை ஓ.பி. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிறுத்துவது தனிச் சோதனை. ஆனால் மதிப்பீட்டுக்கு அரசு மையமே போதும். தனியாரில் அதற்கு நாங்கள் பல ஆயிரம் கட்டியிருந்தோம்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்துக்கும் பல மாவட்டங்களிலிருந்து போகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் நம்பிக்கை நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் பிள்ளையோடு அங்கேயே தங்கிப் பயிற்சி பெற வேண்டும். வேலையிலிருந்து லீவு கிடைத்தால் அதுபோன்ற வழி, ஆண்டுக்கணக்கான செஷன்களைவிட மேல் என்று நினைக்கிறேன். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் வட்டார வள மையத்தையும் கேட்டுப் பாருங்கள். சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் அரசுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஆட்டிசம் என்று சான்று கிடைத்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் ஓரளவு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் ஒரு வருடம் தடுத்தார். முத்திரை ஏற்கெனவே விழுந்துதான் இருந்தது, 'அடங்காத பிள்ளை' என்று.

வீடு

முக்கால் மணி நேரம் வீதம் வாரம் ஐந்து செஷன் போனாலும் மொத்தம் 3 மணி 45 நிமிடம். பிள்ளை விழித்திருப்பது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 98 மணி நேரம். மீதி 94 மணி நேரத்தில் பல் தேய்ப்பதும் சட்டை போடுவதும் மிக்ஸி ஓடுவதும் நடக்கின்றன.

பெற்றோர் வழியாகச் செய்வது வசதி இல்லாதவர்களுக்கான இரண்டாம் தரம் அல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்கள். பிள்ளையின் போக்கைக் கவனித்து அதற்கேற்பப் பெற்றோர் பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. அது பேச்சுத் தொடர்பைப் பற்றிய ஆய்வு, புலன் பற்றியது அல்ல. ஆனாலும் நம் ஊர்க் குடும்பங்களால் முடியும் என்று காட்டியது.

தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பட்டியலில் பாதி எங்கள் வீட்டிலேயே இருந்தது. மோதிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தசைக்கு வேலை வேண்டும் என்றார். சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீர்க் குடத்தைத் தள்ளுவது, அரிசிப் பையை ஸ்டோர் ரூமுக்கு இழுப்பது, துணி பிழிவது. பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் இது நடந்தால் அவன் காலை வேறு மாதிரி இருந்தது. கூடத்து ஊஞ்சலில் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுவது மட்டும்தான். சுற்றி விட்டால் வெறி கூடியது. மாமியார் பாயில் சுருட்டி உருட்டுவார், தலை எப்போதும் வெளியே இருக்க வேண்டும், அவன் 'போதும்' என்றால் உடனே விட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தோம். செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகச் சொன்னவர் இப்போது அந்த வேலையை யாருக்கும் விட்டுத்தருவதில்லை.

எடைப் போர்வை (உள்ளே கனம் வைத்துத் தைத்த போர்வை) வாங்கச் சொல்லி ஆளாளுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். பிரிட்டனில் அதைச் சோதித்து 2014ல் வெளியான ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது. மதுரை மே மாதத்தில் அதைப் போர்த்த யாருக்குப் பிடிக்கும் என்று தெரியவில்லை. நாங்கள் வாங்கவில்லை. பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் தொழிற்சாலைக் காதுமூடி ஒன்று வாங்கினோம். கல்யாண மண்டபத்தில் தவில் கேட்டாலும், சித்திரைத் திருவிழாவில் வேட்டு வெடித்தாலும் அதை மாட்டிக்கொள்வான். எப்போதும் மாட்டிவிடக் கூடாது, சாதாரணச் சத்தமே தாங்காமல் போகும் என்று எச்சரித்திருந்தார்கள். மிக்ஸிக்கு வேறு வழி: 'மூணு எண்ணுறேன்' என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அவனையே போடச் சொன்னோம். சத்தம் குறையவில்லை, எப்போது வரும் என்பது அவன் கைக்குப் போனது.

வீட்டு வழியின் விலை ரூபாயில் தெரியாது. அது தாயின் உடம்பிலிருந்து போகிறது. இரண்டாம் வருடம் எனக்கு எதைக் கண்டாலும் அழுகை வந்தது. அதன் பிறகுதான் காலை வேலை அவருக்கு, மாலை எனக்கு, ஞாயிறு மதியம் மாமியாருக்கு என்று பிரித்தோம். கைமாற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த வழியைத் தனியாகச் சொல்ல மாட்டேன்; அப்படிப்பட்டவர்கள் சென்டரில் வாரம் இரண்டு நாளாவது வைத்துக்கொள்வதுதான் நியாயம், அந்த முக்கால் மணி நேரம் தாய் ஒரு டீ குடிப்பதற்காகவாவது.

ஸ்டெம் செல், கீலேஷன் (மருந்து கொடுத்து உடம்பிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவது), ஆக்சிஜன் அறை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை, கீலேஷன் உயிருக்கே ஆபத்தாகலாம். தலையைச் சுவரில் மோதி ரத்தம் வரும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவர் மாத்திரை எழுதலாம். அதில் வெட்கம் இல்லை, எடை கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இப்போதைய நிலவரம்

ஓ.டி. மாதம் இரண்டு முறை, குறித்து வைத்த காரியத்துக்கு மட்டும். சைக்காலஜிஸ்ட் தேவைப்படும்போது. மதிப்பீடும் சான்றும் அரசு மையத்தில். மற்றதெல்லாம் வீடு. மொத்தம் மாதம் 2,000 ரூபாய்க்குள் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதக் கெடு. நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுகிறோம்.

பள்ளிதான் இன்னும் முடிவாகவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சான்று பெற்ற 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. இப்போது படிக்கும் தனியார் பள்ளி, எங்கள் செலவில் ஷேடோ டீச்சர் (வகுப்பில் அவன் பக்கத்திலேயே இருந்து உதவும் ஆள்) வைக்கச் சொல்கிறது. மாதம் 12,000 ஆகும். பக்கத்து அரசுப் பள்ளியில் வகுப்புக்கு 22 பேர்தான், மைதானம் பெரியது, மணிக்குப் பதில் ஒரு அக்கா வந்து தண்டவாளத் துண்டைத் தட்டுவார். போன வாரம் அவனை அழைத்துப் போய்க் காட்டினோம். அந்தத் தண்டவாளத்தைப் பார்த்ததும் காதைப் பொத்தினான். அப்புறம் அந்த அக்காவிடம் போய், தான் தட்டலாமா என்று கேட்டான்.